எண்பத்திரண்டு நீலப் பாட்டில்கள்

என் அக்கா புருஷனுக்கு இந்தக் குடியிருப்பில் டீ மாஸ்டர் என்று பெயர். அவர் டீ போடுகிறவர் இல்லை. தொண்ணூற்றாறு வீடுகளின் கழிப்பறைத் தண்ணீரும், குளித்த தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் வந்து விழுகிற இடம் ஒன்று கார் நிறுத்தும் தளத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தினமும் காலை ஏழு மணிக்கு உயரமான கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்துக்காக மேலே கொண்டுவந்து, படிக்கட்டில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதற்கு நன்றாகக் கொதித்த டீ மாதிரியே இருக்கும். வாட்ச்மேன்தான் ஒருநாள், "மாஸ்டர், எனக்கு ஒண்ணு, சக்கரை கம்மியா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அதே குடியிருப்பில் படிக்கட்டும், லிஃப்டும், கீழ்த்தளத்துப் பொதுக் கழிப்பறையும் துடைக்கிறவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். ஏழாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. யாரிடமும் சட்டென்று பேச வராது. அதனால் பார்ப்பது அதிகம்.

முதல் நாள் அவர் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் முதலில் ஒரு கம்பி வலையில் மோதும். அந்த வலையில் நிற்பதை அவர் இரும்பு வாரியால் வாரிப் போடுவார். முடி, கயிறு கயிறாக. குழந்தையைத் துடைத்த ஈரத்துணிகள். பெண்கள் வைத்துக்கொள்கிற பஞ்சு. காது குடைகிற குச்சி. ரப்பர் உறைகள். எல்லாவற்றையும் கொழுப்பு ஒட்டவைத்து ஒரே உருண்டையாக ஆக்கியிருக்கும். அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை. இந்த வீடுகளின் வாசலில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்வார்கள் என்பது நினைவுக்கு வந்து மேலும் குமட்டியது.

ஒரு தடவை அந்த வலையில் பல்செட்டு ஒன்று வந்தது. மாமா அதைக் கழுவி வாட்ச்மேனிடம் கொடுத்து, "யாராவது தேடுனா குடுங்க" என்றார். யாரும் தேடி வரவில்லை. இரண்டாம் மாடிப் பெரியவர் மட்டும் ஒரு வாரம் வாயைத் திறக்காமலே எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

மாமா இந்த வேலைக்கு வந்தது ஒரு சாயப் பட்டறையிலிருந்து. அங்கேயும் இப்படி ஒரு தொட்டி இருந்ததாம். அது கெட்டுப்போனதும் முதலாளி குழாயை நேராக ஆற்றுக்குத் திருப்பிவிடச் சொன்னார். மாமா திருப்பிவிட்டார். ஒரு வாரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டார். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தபோது, "தண்ணி சுத்தம் பண்ற வேலை" என்று மட்டும் சொன்னார். குடிக்கிற தண்ணீர் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள் துணி துவைக்கும்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

பம்ப் அறைக்குப் பின்னால் அவர்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும் வீடு. அவர் சாயங்காலம் வரும்போது அக்கா வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"அங்கயே நில்லுங்க. சட்டையைக் கழட்டி வாளியில போடுங்க."

"இன்னைக்கு நல்லா மண்வாசனை வருது பாரு. மழை பேஞ்ச மாதிரி."

"உங்க மழையை அந்த வாளியிலயே பெய்ய விடுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. தொட்டி நன்றாக இருக்கிற நாளில் அங்கே நாற்றம் இருக்காது, ஈரமண் வாசனைதான் இருக்கும். எனக்கும் அதை நம்ப ஒரு மாதம் ஆனது. குடுவையில் பழுப்புத் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் உட்காரும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும்.

"அதெல்லாம் உசுருங்க" என்றார். "கண்ணுக்குத் தெரியாது. மேல இருந்து வர்றதைத் தின்னுட்டு, கனமாயி, அடியில போய் உக்காந்துக்கும். கோடிக்கணக்குல வேலை செய்யுதுங்க, நான் சும்மா மேஸ்திரி. காத்து குடுக்கணும், விஷம் குடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

காற்று கொடுப்பதற்கு ஒரு பெரிய ஊதுகிற மெஷின் உண்டு. பகலும் இரவும் ஓடும். தெளிந்த தண்ணீர் மணல் வழியாக வடிந்து, மொட்டை மாடியில் தனித் தொட்டிக்கு ஏறி, திரும்பவும் எல்லா வீட்டுக் கழிப்பறைகளுக்கும் இறங்கும். மிச்சம் செடிகளுக்குப் போகும். வாசலில் இருக்கிற சின்னக் குளத்துக்கும் போகும். அதில் விரல் நீளத்துக்கு மீன்கள் இருந்தன. அவை கொசு முட்டையைத் தின்னும் என்று மாமா கொண்டுவந்து விட்டவை.

நான் கழிப்பறைக்குக் கிருமி மருந்து ஊற்றுவதைப் பார்த்து ஒருநாள், "ஒரு மூடி போதும்மா. ஒரு மூடியை அதுங்க தாங்கிக்கும்" என்றார். அந்த நீலப் பாட்டிலின் மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகளைக் கொல்லும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, "அந்த ஒண்ணை மட்டும் எதுக்கு விட்டான்? சாட்சி சொல்லவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் மூடியால் அளந்துதான் ஊற்றினேன்.

கெட்டுப்போனது ஒரு தூக்கத்திலிருந்து தொடங்கியது. ஊதுகிற மெஷினுக்கு நேர் மேலே முதல் மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். மதியம் தூங்க முடியவில்லை, தரை அதிர்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார். சங்கத்துச் செக்ரட்டரி, ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"சார், நாலு மணி நேரம் தாங்காது. அதுங்களுக்கு மூச்சு முட்டும்" என்றார் மாமா.

"எதுங்களுக்கு?"

"தொட்டியில இருக்கிறதுங்களுக்கு."

செக்ரட்டரி சிரித்துவிட்டார். "அது கக்கூஸ் தண்ணிப்பா. ஆஸ்பத்திரி வார்டு இல்ல."

இரண்டே வாரத்தில் குடுவையின் நிறம் சாம்பலுக்குப் போனது. மாலை நேரங்களில் கார் தளத்திலிருந்து ஒரு வாடை கிளம்பி மாடிப்படி வழியாக ஏறியது. டீச்சரம்மாதான் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர். வீடுகளில் வாடைக்கு மருந்து ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற வாடை கூடியது. கூடக் கூட இன்னும் ஊற்றினார்கள். மெஷினைத் திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும் என்று மாமா மூன்று தடவை போய்ச் சொன்னார். மூன்றாவது தடவை செக்ரட்டரி, "மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துருவோம், வீட்டையும் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அக்கா அன்றைக்கு வாசலை மறிக்கவில்லை. அவர் அழுக்குச் சட்டையோடு உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். அலுவலக அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் நீலப் பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர்.

"வீட்டுக்கு ஒண்ணு குடுத்துடு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஊத்தணும்னு சொல்லு. சீட்டு ஒட்டியிருக்கு, நீ பேசக்கூட வேணாம். உங்க மாமாகிட்ட சொல்லாதே. அந்த ஆளு ஏதாவது கதை சொல்வாரு."

நான் தலையை ஆட்டினேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது என்பது ஒரு பாதிதான். இன்னொரு பாதி, இதனால் ஒருவேளை நாற்றம் போய்விட்டால் அக்காவுக்கு வீடு நிலைக்கும் என்று நினைத்தேன். மூடிக் கணக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டில்தானே என்று தோன்றியது. தொண்ணூற்றாறு வாசலும் ஏறி இறங்கியவள் நான். ஒரு வாசலில்கூட நின்று அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. பதினாலு வீடு பூட்டியிருந்தது. எண்பத்திரண்டு பாட்டில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா அக்காவோடு சந்தைக்குப் போயிருந்தார். பத்து மணிக்குக் கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் இறங்கிய சத்தம் கேட்டது. சுவருக்குள் ஓடும் குழாய்கள் எல்லாம் உறுமின. பிறகு கூர்மையான ஒரு சுத்த வாசனை, ஆஸ்பத்திரி மாதிரி. பால்கனிகளில் நின்று ஒருவருக்கொருவர், "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டார்கள். டீச்சரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

திங்கட்கிழமை குடுவையில் எதுவும் அடியில் உட்காரவில்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாகவே நின்றது. மாமா குடுவையை மூக்கருகே கொண்டுபோய், உடனே தள்ளிப் பிடித்தார். பத்து மணிக்குள் கார் தளத்து இரும்பு மூடிகளின் இடுக்கு வழியாக வெள்ளை நுரை பொங்கி, செக்ரட்டரியின் காரைச் சுற்றிக்கொண்டது.

"செத்துப்போச்சு" என்றார் மாமா. "யாரோ எதையோ ஊத்தியிருக்காங்க."

"நான்தான் குடுத்தேன், மாமா."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தனை வீட்டுக்கு?"

"எண்பத்திரண்டு."

கீழே உட்கார்ந்துவிட்டார். "ஒரு மூடின்னு சொன்னேனேம்மா."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானேன்னு நினைச்சேன்."

"வீடுதாம்மா வேற வேற" என்றார். "எல்லா வீட்டுக்கும் வயிறு இது ஒண்ணுதான்."

அவர் திட்டவில்லை. அந்த வேலையை அக்கா செய்தாள். "ஊரையெல்லாம் உத்து உத்துப் பார்க்கத் தெரியுது, கூடப்பொறந்தவ வாயில மண்ணு விழப்போகுதுன்னா ஒரு வார்த்தை சொல்ல வாயில பூட்டா போட்டிருந்துச்சு?" என்றாள். எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டேதான் திட்டினாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை மேல் வீடுகளில் கூச்சல். கழிப்பறையில் விசையை இழுத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வந்தது. கீழே அனுப்பியதுதான் திரும்ப மேலே ஏறி அவர்கள் வீட்டுக்குள் வந்திருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. "இந்த ஆளு என்னத்தையோ கலந்துட்டான்" என்றார்கள். வியாழக்கிழமை குளத்து மீன்கள் எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. குப்பை அள்ளும் தட்டால் நான்தான் அள்ளினேன். கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் என் கையில் பட்டு, எத்தனை தடவை சோப்புப் போட்டும் அந்த வாடை சாயங்காலம்வரை போகவில்லை. அடுத்த வாரம் குளத்தில் நெளிநெளியாகக் கொசுப் புழு. அதற்கடுத்து கொசு. அதற்குப் புகை அடிக்க ஏற்பாடு செய்தார் செக்ரட்டரி. டீச்சரம்மாவுக்கு மதியத் தூக்கத்தோடு இரவுத் தூக்கமும் போயிற்று.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கார் தளத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில், மூக்கில் கைக்குட்டையோடு. மாமா நின்றுகொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றேன்.

"பக்கத்துக் குடியிருப்புத் தொட்டி நல்லா இருக்கு சார்" என்றார் மாமா. "அங்க அடியில தங்குற குழம்பு பன்னெண்டு டிரம் எடுத்துக் குடுக்கறேன்னு சொல்றாங்க. அதை நம்ம தொட்டியில விட்டு, காத்தை நிறுத்தாம குடுத்தா, ரெண்டு மூணு வாரத்துல உசுரு பெருகிடும்."

கைக்குட்டைகள் மூக்கில் இன்னும் அழுத்தமாக ஏறின.

"அடுத்தவங்க அசிங்கத்தை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வரணும்னு சொல்றீங்களா?" என்றார் ஒருவர்.

"அவங்க என்னத்தைத் தின்னாங்களோ, என்ன நோயோ" என்றார் டீச்சரம்மா.

"நம்ம அசிங்கமாவது நமக்குத் தெரிஞ்சது" என்றார் பல்செட்டுப் பெரியவர்.

கம்பி வலையில் பார்த்தது எதுவும் இந்த அளவுக்கு என்னைக் குமட்டவைத்ததில்லை. அங்கே கிடப்பதாவது, இதுதான் நான் என்று வெளியே தெரியக் கிடக்கிறது.

செக்ரட்டரி எழுந்தார். "விஷயம் இதுதான். பராமரிப்பு சரியில்ல. ஒழுங்கா பார்த்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது."

நான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது எனக்கே தெரியவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "பத்து மணிக்கு எல்லாரும் ஊத்துனீங்க. அதுலதான் செத்துச்சு. எண்பத்திரண்டு பாட்டில். நான்தான் கொண்டுவந்து குடுத்தேன். செக்ரட்டரி சார்தான் குடுக்கச் சொன்னாரு."

எல்லாத் தலையும் திரும்பியது. டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யாரும்மா நீ?" என்றார்.

ஐந்து வருடமாக அவர் வாசலைத் துடைக்கிறேன். "வாசப்படி துடைக்கிறவ" என்றேன். திரும்பவும் தூணுக்கே போய்விட்டேன்.

கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. மறுநாள் செக்ரட்டரி மாமாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலைப் பற்றி நாலு பேர் கேட்டிருப்பார்கள் போல, அவருடைய குரல் இறங்கியிருந்தது. தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினார். தொட்டி கெட்டதற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று மாமா எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. பாட்டிலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டா வேலை இருக்கும், வீடும் இருக்கும். பிரச்சினை இதோட முடிஞ்சிடும்."

மாமா அதை இரண்டு தடவை படித்தார். "மெஷினை இனிமே யாரு சொன்னாலும் நிறுத்தக் கூடாது, சார்."

"சரி."

"பன்னெண்டு டிரம்மும் வரணும்."

செக்ரட்டரி யோசித்தார். "செடிக்கு உரம்னு சொல்லிக் கொண்டு வாங்க. நான் பார்க்கல."

மாமா பேனாவைக் கேட்டு வாங்கினார். நான் துடைப்பதை நிறுத்திவிட்டு, "வேணாம், மாமா" என்றேன். அவர் போட்டுவிட்டார். கொட்டை எழுத்தில், முழுப் பெயரும்.

வெளியே வந்ததும் அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை மறைக்கத் தெரியவில்லை. நேற்று நான் அவ்வளவு பேருக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு சொன்னதை அவர் ஒரு கோட்டால் அழித்துவிட்டார்.

"மூஞ்சியைத் தூக்காதே" என்றார். "தொட்டியில இருக்கிறதுங்க அந்தத் தாளைப் படிக்காது. அதுங்க காத்தை மட்டும்தான் கேக்கும். அது கிடைச்சிடுச்சு."

"உங்க பேரு?"

"எனக்கு இங்க டீ மாஸ்டர்னுதானே பேரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

டிரம்கள் மூன்று நடையாக ஒரு சின்ன வண்டியில் வந்தன. வாட்ச்மேன் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "உரம் ரொம்ப ஸ்ட்ராங்கு" என்றார். முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வாரம் குடுவையில் திரிதிரியாக ஏதோ சேர்ந்தது. மாதக் கடைசி கடந்துபோயிற்று. நாற்றம் இருந்தாலும் குறைந்துகொண்டே வந்ததால் யாரும் கெடுவைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் வாரம் பழுப்பு அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்தது. அன்றைக்கு அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "வாளி இங்க இருக்கு" என்றாள்.

மெஷின் சத்தத்துக்கும் மாமா ஒரு வழி செய்தார். பழைய லாரி டயரைத் துண்டு துண்டாக வெட்டி மெஷினின் நாலு காலுக்கும் அடியில் வைத்தார். அதிர்வு அடங்கிவிட்டது. அரை நாள் வேலை. சத்தத்தை என்ன செய்யலாம் என்று முதலிலேயே யாராவது அவரைக் கேட்டிருந்தால் அப்போதே செய்திருப்பார். நிறுத்து என்று சொன்னார்களே தவிர, ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எச்சில் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மாமா கையெழுத்துப் போட்ட தாளின் நகல் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பலகைக்குள் தொங்குகிறது. அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டியதும் நான்தான். அவர் பெயர் இருக்கிற இடத்தை மட்டும் துடைக்காமல் விடுகிறேன். தூசி படிந்து அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது.

போன வாரம் முதல் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா கதவைத் திறந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"இப்ப நாத்தமே இல்ல, கவனிச்சியா? அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து ஊத்தினோமே, அந்த மருந்துதான் வேலை செஞ்சிருக்கு. கொஞ்சம் லேட்டா செஞ்சாலும் செஞ்சிருக்கு. இன்னொரு தடவை ஊத்திட்டா நல்லது. மிச்சம் இருக்கா?"

பூட்டியிருந்த வீடுகளின் பதினாலு பாட்டில்களும் துடைப்ப அறையில், மேல் அலமாரியில் இருக்கின்றன. அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

"இருக்கும்மா" என்றேன்.

"ஒண்ணு கொண்டு வாயேன்."

"குடுக்க மாட்டேன்ம்மா."

அவர் காது கேட்காதவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவருடைய வாசலைத் துடைத்து முடித்தேன். வாளியில் ஒரு மூடிதான் ஊற்றியிருந்தேன்.